வந்தாரும் ஏடுகளும்: காவிரிப் படுகையின் நூலக வரலாறு

தஞ்சாவூரின் நூலகங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவற்றைப் புரந்த அரசர்களின் பெருமையையும் அங்குள்ள சுவடிகளின் அருமையையும் விரித்துரைத்திருக்கிறார்கள். அதே வரலாற்றை வேறொரு கேள்வியின் வழியாகவும் அணுக முடியும். ஊருக்குப் புதிதாக வந்து குடியேறிய ஒருவர் அவ்வூரில் உள்ள நூல்களை எப்படி அறிந்துகொண்டார், அவற்றைக் கையில் எடுத்துப் படிக்க அவரிடம் என்ன தகுதி எதிர்பார்க்கப்பட்டது, எது அவரை வாசலிலேயே நிறுத்தியது என்பது அந்தக் கேள்வி. ஆட்சி, பணம், அறிமுகம், சந்தா, சட்டம் என அதற்கான விடை காலந்தோறும் மாறிவந்தது. அந்த மாற்றங்களுள் பலவற்றை நிகழ்த்தியவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களாகவோ, வெளியூர் சென்று திரும்பியவர்களாகவோ இருந்தார்கள். காவிரிப் படுகையின் நூலக வரலாறு அழுத்தமாக உணர்த்துவது இதைத்தான்: உள்ளூரில் முடங்கிக் கிடந்த ஏடுகளுக்குப் புதுவாழ்வு கிடைத்தது, பெரும்பாலும் புதிதாக வந்த ஒருவர் அவற்றைத் தேடிக் கேட்டபோதுதான்.

நெல்லும் ஏடும்

கல்லணைக்குக் கிழக்கே காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு எனப் பல கிளைகளாகப் பிரிந்து கடல்வரை பாயும் நிலப்பரப்பு, குறுவை, சம்பா, தாளடி என்னும் நெற்பருவங்களால், உழுதவரின் உணவுக்கு மேல் பெருமளவு விளைச்சலைத் தந்தது. அந்த உபரி நெல்லே கோயில்களையும் மடங்களையும் அக்கிரகாரங்களையும் அரசவையையும் தாங்கியது. அவற்றைச் சார்ந்து ஓதுவோரும் உரைகாரரும் ஏடெழுதுவோரும் வாழ்ந்தார்கள். ஆகவே நெல் விளைந்த இடத்தில் நூலும் சேர்ந்தது. ஆனால் வயலில் இறங்கி நெல்லை விளைவித்த பண்ணையாட்களுக்கு எழுத்தறிவும் ஏடும் எட்டாமலே வைக்கப்பட்டிருந்தன என்பதையும் இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டால் பிற்காலத்தில் நடந்தவற்றின் பொருள் விளங்காது.

ஆற்றுப் படுகையின் ஈரக்காற்று நெல்லுக்கு உகந்ததாயினும் ஓலைக்குப் பகையாக இருந்தது. பனையோலையை நிழலில் உலர்த்திப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். கீறல் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சளும் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவுவார்கள். ஏடுகளில் இட்ட துளையில் கயிற்றைக் கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி. கயிறு துளைவழியே உருவிக்கொண்டு போகாமல் இருக்க அதன் தலைப்பில் முடிந்து வைக்கும், கிளியின் அலகைப் போல நறுக்கிய ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். இவ்வளவு செய்தும் செல் அரிப்பதையும், இராமபாணம் என்று சொல்லப்படும் பூச்சி ஏட்டைத் துளைப்பதையும் முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை. சில தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்தால்தான் ஒரு நூல் உயிரோடிருக்கும். படியெடுக்க வேண்டுமானால் அந்த நூலை வேண்டும் என்று கேட்கும் ஒருவர் இருக்க வேண்டும். கேட்பாரற்ற நூல் அழிந்தது.

இந்த உண்மையை இப்பகுதியின் சமய மரபே ஒரு கதையாகப் பேணிவந்திருக்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்ததையும், பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கப்படும் என்று கோயிலார் சொன்னதையும், சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அந்தக் கதவைத் திறப்பித்ததையும், உள்ளே செல் மூடிய ஏடுகளில் ஒரு பகுதியே எஞ்சியிருந்ததையும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. அம்மன்னன் முதலாம் இராசராசன் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. புராணச் செய்தியை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ள இயலாது எனினும், பூட்டிக் காத்தல் வேறு, பயன்படச் செய்து காத்தல் வேறு என்னும் தெளிவு அந்தக் காலத்தவர்க்கு இருந்ததை அது காட்டுகிறது.

அரசர்களாக வந்தவர்கள்

பதினாறாம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் சார்பில் தஞ்சையை ஆளத் தொடங்கிய நாயக்கர்கள் தெலுங்கு மொழியினர். செவ்வப்ப நாயக்கரில் தொடங்கிய அந்த வழியில் வந்த இரகுநாத நாயக்கரும் அவர் மகன் விசயராகவ நாயக்கரும் தாமே நூலியற்றியவர்கள்; அவர்கள் அவையில் இராமபத்ராம்பா, மதுரவாணி முதலிய பெண்பாற் புலவர்களும் இருந்தார்கள். அவர்கள் காலத்து அரண்மனை நூல்தொகுதி சரசுவதி பண்டாரம் எனப்பட்டது. பண்டாரம் என்பதற்கு இங்கே கருவூலம் என்று பொருள். பொன்னையும் மணியையும் போல ஏட்டையும் அரசுடைமையாக வைத்துக் காத்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

1670களில் சிவாசியின் தம்பி ஏகோசி தஞ்சையைக் கைப்பற்றியபோது, மராட்டி பேசும் புதிய அரசகுலம் தெலுங்கு ஏடுகள் நிறைந்த ஒரு பண்டாரத்துக்கு உரிமை பெற்றது. வென்றவர்கள் தோற்றவர்களின் நூல்களை அழிக்காமல் அவற்றோடு தங்கள் நூல்களைச் சேர்த்தார்கள். ஆட்சிக் கணக்குகள் மராட்டியை விரைந்தெழுதும் மோடி எழுத்திலும், காவியங்களும் சாத்திரங்களும் வடமொழியிலும், மருத்துவமும் இலக்கியமும் தமிழிலுமாக அங்கே குவிந்தன. இன்று அந்த நூலகத்தில் உள்ள நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளில் வடமொழி, தமிழ், தெலுங்கு, மராட்டி ஆகிய நான்கும் இடம்பெற்றிருப்பதற்கு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடியேறிய மக்களும் அவர்கள் தங்களோடு கொண்டுவந்த மொழிகளுமே காரணம்.

இந்தத் தொகுதிக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோசி. செருமானிய லுத்தரன் மிசனரியான சுவார்ட்சு அவருடைய கல்விக்குப் பொறுப்பேற்றிருந்தார். அரியணைச் சிக்கல்களால் சரபோசி சில ஆண்டுகள் தஞ்சையை விட்டுச் சென்னையில் தங்கிப் படிக்கவும் நேர்ந்தது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிருவாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட, கோட்டைக்குள் சுருங்கிய அதிகாரத்தோடு இருந்த அவர், நூல் சேர்ப்பதைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். ஐரோப்பிய மொழிகளில் அச்சான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை வரவழைத்து, அவற்றில் தம் கையெழுத்தை இட்டுவைத்தார். 1820இல் பெரும் பரிவாரத்தோடு காசிக்கு யாத்திரை சென்றபோது, வழியிலும் காசியிலும் வடமொழிச் சுவடிகளைத் திரட்டியும் படியெடுக்கச் செய்தும் கொண்டுவந்தார். அரண்மனையில் இயங்கிய தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் ஆய்ந்து தேர்ந்த மருந்து முறைகள், சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் ஏடாயின. தேவநாகரி எழுத்தில் அச்சிடும் அச்சுக்கூடமும் அவர் காலத்தில் அரண்மனையில் நிறுவப்பட்டது.

இத்தனை வளமும் ஒரு கோட்டைச் சுவருக்குள் இருந்தது. அரசரின் விருந்தினராக வந்தவர், அவைப்புலவர், அரண்மனை மருத்துவர் ஆகியோருக்கு அந்த நூல்கள் கிட்டின. தஞ்சைத் தெருவில் குடியிருந்த ஏனையோர்க்கு அவை கேள்விப்பட்ட செல்வமாகவே இருந்தன.

தரங்கம்பாடியில் ஒரு பட்டியல்

அரசரல்லாத ஒரு புதியவர் இந்த நாட்டின் ஏடுகளைத் தேடிச் சென்றதற்கு விரிவான பதிவு கிடைப்பது தரங்கம்பாடியிலிருந்து. இரகுநாத நாயக்கரிடம் 1620இல் உரிமை பெற்று டேனியர்கள் கோட்டை கட்டிய அந்தக் கடற்கரை ஊரில், 1706ஆம் ஆண்டு சூலையில் சீகன்பால்கு என்னும் இளம் செருமானிய மிசனரி வந்திறங்கினார். தமிழ் ஒரு சொல்லும் அறியாமல் வந்த அவர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். பேச்சு வசப்பட்டதும் அவர் தேடியது நூல்களை. ஆனால் பொது நூலகம் என்ற ஒன்று இல்லாத நாட்டில், ஏடுகள் வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் இருந்தன. பூசைக்குரியவை என்பதால் பிற சமயத்தவர்க்கு, அதிலும் கடல்கடந்து வந்தவர்க்கு, அவற்றை எவரும் எளிதில் கொடுக்கவில்லை.

எனவே அவர் தமிழ் எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். கற்ற கணவர் இறந்தபின் ஏடுகளை வைத்துப் பயன்கொள்ள வழியற்றிருந்த கைம்பெண்களிடமிருந்து அவர்கள் விலைகொடுத்து வாங்கிவந்தார்கள். விற்கப்படாத நூல்களை உட்கார்ந்து படியெடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் சேர்ந்துவிட, 1708இல் அவற்றுக்குக் குறிப்புகளோடு கூடிய ஒரு பட்டியலைச் சீகன்பால்கு எழுதினார். திருக்குறளும் சிவவாக்கியமும் முதலாகப் பலவகை நூல்கள் இடம்பெற்ற அந்தப் பட்டியல், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரை வட்டாரத்து வீடுகளில் எந்த நூல்கள் உண்மையில் புழங்கின என்பதைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அவற்றைத் தேடியதில் அவருடைய நோக்கம் சமயம் பரப்புவது. ஆயினும் தாம் மறுக்கவந்த நூல்களை ஊன்றிப் படித்ததால் அவர் அந்த மக்களின் அறிவை மதிக்கக் கற்றுக்கொண்டார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூல் ஐரோப்பாவில் அச்சேற்ற மறுக்கப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு 1867இல் சென்னையில் வெளிவந்தது.

பின்னர் தரங்கம்பாடியில் அச்சுக்கூடமும், அருகிலுள்ள பொறையாறில் காகிதம் செய்யும் ஆலையும் அமைந்தன. படியெடுப்பவரின் கையை மட்டுமே நம்பியிருந்த நூல் அதன்பின் பல படிகளாகப் பெருக வழி பிறந்தது. புதியவர் ஒருவர் விலைகொடுத்து வாங்கினால்தான் நூலைக் காண முடியும் என்ற நிலையை அச்சு உடனே மாற்றிவிடவில்லை எனினும், மாற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தது அதுவே.

கும்பகோணத்து முன்சீபு

புதியவரின் கேள்வி உள்ளூர்ச் செல்வத்தை வெளிக்கொணர்ந்ததற்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் சிறந்த சான்று கும்பகோணத்தைச் சார்ந்தது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்தவர். ஆதீனம் என்பது துறவியர் வழிமுறையாகத் தலைமை ஏற்று நடத்தும் சைவ மடம். நிலவருவாயும் பாடசாலையும் ஏட்டுத் தொகுதியும் உடைய அது, அக்காலத் தமிழ்க் கல்வியின் உறைவிடமாக இருந்தது. அங்கே ஒரு நூலைக் காண வேண்டுமானால் மடத்தின் மாணாக்கராகவோ, தலைவரின் அறிமுகம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். சாமிநாதையர் இரண்டுமாக இருந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானபோது, அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம், கோவை எனப் பிற்கால நூல்கள் பலவற்றைப் பழுதறக் கற்றிருந்தார்.

அந்த ஆண்டில் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றலாகி முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிமன்ற நடுவராக, வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். 1880 அக்டோபர் 21ஆம் நாள் சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறார் என்று கேட்ட முதலியார், நீண்ட பட்டியலைக் கேட்டும் நிறைவடையாமல், பழைய நூல்களுள் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அதன் கையெழுத்துப் படி ஒன்றை முதலியாரே கொடுத்துதவ, சமண நூலாகிய அதன் பொருள் விளங்காமல் சாமிநாதையர் இடர்ப்பட்டபோதுதான், கும்பகோணத்திலேயே சமணர் குடும்பங்கள் இருப்பதும், அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றி வழிவழியாகப் படித்துவருவதும் தெரியவந்தது. சந்திரநாத செட்டியார் என்னும் சமணப் பெரியவரின் வீட்டுக்குச் சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. காவிரிக் கரையிலேயே பிறந்து, மடத்து ஏடுகளுக்கிடையே வளர்ந்த பேரறிஞருக்கு, அதே ஊரின் மற்றொரு தெருவில் வாழ்ந்த கல்வி தெரியாமலிருந்தது. மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவரின் கேள்வியே அந்தத் தெருவுக்கு வழிகாட்டியது. சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த சமூகத்தில் ஏடுகளும் அவ்வாறே பிரிந்து கிடந்தன. ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருப்பது அடுத்த தெருவுக்குத் தெரியாது. உள்ளூரார்க்குப் பழகிப்போன எல்லைகள் வந்தவருக்குப் பழகாதவை என்பதால், அவர் அந்த எல்லைகளைத் தாண்டிக் கேட்கிறார். அவ்வாறு கேட்க ஆளில்லாத வீடுகளில் பழுதுபட்ட ஏடுகளுக்கு நேர்ந்த கதியை, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதையும் தீயில் இட்டதையும், சாமிநாதையரே ஏடு தேடிச் சென்ற ஊர்களில் கேட்டறிந்து வேதனையோடு பதிவுசெய்திருக்கிறார்.

சந்தாவும் சங்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லூரி, நீதிமன்றம், இரயில்வே, வருவாய்த்துறை ஆகியவை படித்தவர்களை ஊர்விட்டு ஊர் மாற்றத் தொடங்கின. உறவும் குருவழியும் இல்லாத ஊரில் வாழவேண்டிய இவர்கள், சந்தா கட்டிப் படிக்கும் வாசகசாலைகளை நகரங்களில் ஏற்படுத்தினார்கள். செய்தித்தாளும் மாத இதழும் நாவலும் படிக்க அங்கே குலமுறை கேட்கப்படாவிட்டாலும், சந்தா கட்டும் வசதியும் ஓரளவு ஆங்கிலக் கல்வியும் எழுதப்படாத தகுதிகளாக இருந்தன.

தமிழ்வழியே மக்களை ஒன்றுசேர்க்க முயன்ற அமைப்பு 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் தஞ்சையின் வடபகுதியான கரந்தையில் தோன்றியது. இராதாகிருட்டினப் பிள்ளை தொடங்கி, அவருடைய தமையனார் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளையின் தலைமையில் வளர்ந்த கரந்தைத் தமிழ்ச் சங்கம், நூலகத்தையும் பள்ளியையும் நடத்தியதோடு, 1925 முதல் தமிழ்ப்பொழில் என்னும் இதழையும் வெளியிட்டது. புலவர்களும் மாணவர்களும் மடத்தின் அறிமுகமின்றியே பழந்தமிழ் நூல்களை அங்கே கற்க முடிந்தது.

இதற்கிடையே அரண்மனை நூல்தொகுதியின் நிலையும் மாறியது. ஆண் வாரிசின்றி இரண்டாம் சிவாசி 1855இல் இறந்தபின் அரசு முடிவுற்று, அரண்மனைச் சொத்து வழக்குகளில் சிக்கியது. தஞ்சை மாவட்ட நீதிபதியாக வந்த ஆங்கிலேயர் ஏ.சி. பர்னெல், அங்கிருந்த வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து தொகுத்த அட்டவணை 1880இல் இலண்டனில் அச்சானது. சுவடிகள் தஞ்சையில் கிடக்க, அவை இன்னவை என்று உலகம் அறிந்துகொண்டது அந்த அட்டவணையால். இறுதியில் அரச குடும்பத்தாரின் இசைவோடு 1918 அக்டோபரில் அரசு அந்த நூல்தொகுதியைப் பொதுமக்களுக்குரிய அறநிலையமாக்கியது. சரபோசியின் பெயரும் நூலகத்தின் பெயரோடு இணைந்தது. 1983இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைக்கும் பழைய முறை அங்கே இன்றளவும் பேசப்படுகிறது. பூச்சியை விலக்கும் அந்த முடிச்சு ஓலையைக் காத்தது. படிக்க விரும்பும் எவரும் வரலாம் என்ற ஆணை அந்த ஓலையில் எழுதியிருந்ததைக் காத்தது.

சீர்காழியிலிருந்து மேலவாசலுக்கு

அடுத்த மாற்றத்தைச் சிந்தித்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, அதற்கான பயிற்சிக்காக இலண்டன் சென்றார். குராய்டன் முதலிய இடங்களின் பொது நூலகங்களில் தொழிலாளரும் பெண்களும் சிறுவரும் இயல்பாக வந்து நூல் எடுத்துச் செல்வதை அவர் கண்டார். நூலகம் என்பது அறிஞர்க்கு மட்டும் உரிய காப்பறை என்னும் எண்ணம் அவரிடமிருந்து அங்கே நீங்கியது. 1925இல் திரும்பியதும் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று தேர்ந்தெடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார்.

நூலகவியலின் ஐந்து விதிகள் எனப் பெயர்பெற்ற கொள்கைகளை 1928 டிசம்பரில் சிதம்பரத்தை அடுத்த மீனாட்சி கல்லூரியில் நடந்த மாநாட்டில் அவர் அறிவித்தார். அவை 1931இல் நூலாயின. நூலின் நோக்கம் பயன்பாடு என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு என்பதும், வாசகரின் நேரம் வீணாகக்கூடாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பதும் அவற்றின் சாரம். சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கிப் பொட்டிட்டு, அன்று அவற்றைத் தொட்டுப் படிக்காமல் வணங்கும் வழக்கமுள்ள நாட்டில், ஏடுகளைக் கருவூலமாகக் கருதிய பல நூற்றாண்டு மரபின் நடுவில், முதல் விதியாகப் பயன்பாட்டை வைத்தது துணிவான செயல். திறக்கப்படும் நூலே காக்கப்பட்ட நூல் என்பது அதன் உட்பொருள்.

அந்த விதிகளை வயல்வெளிக்குக் கொண்டுசென்றவர் மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. படுகையின் ஊர்கள் ஆறுகளாலும் வாய்க்கால்களாலும் பிரிக்கப்பட்டவை; நடவு, அறுவடைக் காலங்களில் ஒருவர் நகரத்துக்குச் சென்று நூலெடுத்துத் திரும்புவது நடவாத காரியம். வாசகர் வர முடியாதபோது நூல் செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், அடுக்குகள் பொருத்திய மாட்டுவண்டி ஒன்றை அவர் அமைத்தார். அந்த நடமாடும் நூலகம் 1931 அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியில் தொடங்கப்பட்டு, சுற்றியுள்ள ஊர்களுக்கு முறைவைத்துச் சென்றது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1905ஆம் ஆண்டிலேயே குதிரைவண்டியில் நூல்கள் பண்ணைவீடுகளுக்குச் சென்றதும், பரோடா சமத்தானத்தில் 1910களில் நூற்பெட்டிகள் ஊர் ஊராக அனுப்பப்பட்டதும் இதற்கு முன்னோடிகள். மேலவாசல் வண்டியின் தனிச்சிறப்பு, நெல்மூட்டை செல்லும் அதே தடத்தில், அதே வகை வண்டியில், எதிர்த்திசையாக நூல் வந்ததில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக நெல் கிராமத்திலிருந்து வெளியேறி ஏடுகளைத் தாங்கியது; கிராமத்துக்கு ஏடு திரும்பி வந்தது அப்போதுதான்.

சட்டம் திறந்த கதவு

தனியொருவரின் பெருந்தன்மையை நம்பிய முயற்சி அவருக்குப் பின் நிலைப்பது அரிது. இதை உணர்ந்த இரங்கநாதன் நூலகத்துக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று இருபது ஆண்டுகள் வாதாடினார். கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களில் இத்துறையில் வழிகாட்டியாக அமைந்து, 1950இல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு என்னும் அமைப்பையும், சொத்துவரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியையும் அந்தச் சட்டம் ஏற்படுத்தியது. வீட்டுக்குரியவர் செலுத்தும் வரியில் குடியிருப்பவரின் வாடகையும் அடங்கியிருப்பதால், நேற்று வந்து வாடகைக்குக் குடியேறியவரும் அந்த நூலகத்துக்குப் பங்களித்தவராகிறார். அவர் அங்கே செல்வது உரிமையால். எவருடைய தயவாலும் அன்று.

அதே 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்ததும், 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர்க்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகளாகத் தோன்றினாலும், படுகையைப் பொறுத்தவரை அவை ஒன்றையொன்று தழுவியவை. தன் ஊரிலேயே புதியவராக, ஏட்டுக்கு அயலாராக வைக்கப்பட்டிருந்த மக்கள், ஊர்ப்பொது நூலகத்தில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரிப்பதற்கு இவை மூன்றும் வேண்டியிருந்தன. பொதுவுடைமை இயக்கமும் திராவிட இயக்கமும் கீற்றுக்கொட்டகைகளில் நடத்திய படிப்பகங்கள் அதற்கு மக்களை ஆயத்தப்படுத்தின. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட அந்த இடங்களில், எழுத்தறியாதவரும் வாசகராக ஏற்கப்பட்டார்.

இவ்வாறு உருவான மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்னும் அடுக்கமைப்பு இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மாற்றலாகி வரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும், போட்டித் தேர்வுக்குப் படிக்க நகரத்தில் அறையெடுத்துத் தங்கும் இளைஞரும், பிள்ளைகளோடு வந்து சேர்ந்த முதியவரும், புதிய ஊரில் முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடங்களில் ஒன்றாகக் கிளை நூலகம் இருக்கிறது. காலையில் செய்தித்தாள் பகுதியில் ஒரே மேசையைச் சுற்றி அமர்வோர், சில நாட்களில் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். எந்தக் கடை நல்லது, எந்த மருத்துவர் நிதானமானவர், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்னும் உள்ளூர் அறிவு நூலோடு சேர்ந்து கைமாறுகிறது. உறுப்பினராவதற்குச் சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் போதும். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்வழி சிற்றூராட்சிகளிலும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் சில, பொறுப்பாளர் இன்றிப் பூட்டிக் கிடக்கவும் நேர்ந்தது. கட்டடத்தையும் நூலையும் அரசு தர முடியும்; கதவைத் திறந்து வைத்திருக்க ஊர் வேண்டும்.

இனி வருவோர்

படுகைக்கு வருவோரின் முகம் இப்போது மீண்டும் மாறுகிறது. உள்ளூர் இளைஞர்கள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, அண்மை ஆண்டுகளில் நாற்று நடுவதற்கு மேற்கு வங்கத்திலிருந்தும், கட்டுமானத்துக்கும் அரிசி ஆலைக்கும் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். நிலையான முகவரி இல்லாத அவர்களுக்கு இருப்பிடச் சான்று கேட்கும் படிவமே முதற்கதவு. அவர்கள் படிக்கும் மொழியில் நூலில்லாத அடுக்கு இரண்டாம் கதவு. பிள்ளைகள் சில ஆண்டுகளில் தமிழ் படித்துவிடுவார்கள். பெற்றோர்க்கு அவர்கள் எழுத்திலேயே நாளிதழும் கதைநூலும் கிடைத்தால்தான் நூலகம் தங்களுக்கும் உரியது என்று தோன்றும்.

இந்த ஏற்பாட்டை ஒரு சலுகையாகக் கருத வேண்டியதில்லை. தஞ்சை இன்று உலகுக்குக் காட்டிப் பெருமைகொள்ளும் நூல்தொகுதி, தெலுங்கும் மராட்டியும் பேசிக்கொண்டு வந்தவர்களின் ஏடுகளைத் தமிழ் ஏடுகளோடு ஒரே கூரையின்கீழ் வைத்ததால் உண்டானது. தமிழின் பெருங்காப்பியம் அச்சேறியதும், வேற்றூரிலிருந்து வந்த ஒருவர் கேட்ட கேள்விக்கு உள்ளூரார் செவிசாய்த்ததால் நிகழ்ந்தது. அரியணையோடு வந்தவர்களின் மொழிகளுக்கு அடுக்கில் இடம் கொடுத்த நாடு, நாற்றுக்கட்டோடு வயலில் இறங்குவோரின் மொழிக்கும் ஓர் அடுக்கை ஒதுக்குவதே தன் வரலாற்றுக்கு உண்மையாக நடப்பதாகும். நூலகம் வளரும் உயிரி என்று சீர்காழிக்காரர் வகுத்த விதி, நூல்களின் எண்ணிக்கைக்கு எந்த அளவு பொருந்துமோ, அதே அளவு அங்கே வந்து அமர்வோரின் வகைக்கும் பொருந்தும்.